யூரியா சாக்கில் கட்டிய ஜரிகை

பனி யாரையும் இடித்ததில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழியும் தையும் வந்தால் நம் பக்கத்தில் ஏதாவது ஒரு சாலையில் ஏதாவது ஒரு வண்டி எதன்மீதாவது மோதும். மறுநாள் டீக்கடையில் ஒருவர், "பனிங்க, யாரு என்ன பண்றது" என்பார். சுற்றி இருப்பவர்களும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். பனி லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டுகிறதா? குதிரை மேல் ஏறி உட்கார்ந்து வருகிறதா? இடித்தவனும் இடிபட்டவனும் மனுஷன். பழியைத் தூக்கி எதன் மேலோ போட்டுவிட்டால் ஒருவரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் அல்லவா?

கல்யாணக் குதிரைக்காரனாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இந்தத் தொழிலில் யாரும் ஓய்வு கொடுத்து மாலை போடுவதில்லை. முழங்கால்தான் எனக்கு ஓய்வு கொடுத்தது. வெடிச் சத்தத்துக்குக் குதிரையைப் பழக்குவது, பேண்டு செட்டுக்கு நடுவில் நிறுத்துவது, பயத்தில் பிடரியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரிக்க முயற்சி செய்யும் மாப்பிள்ளையைச் சேணத்தில் பத்திரமாக உட்காரவைப்பது, இதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு குதிரையைக் கொட்டகைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. அந்த அலட்சியத்தில்தான் ஒரு குதிரையையும் ஒரு நல்ல குதிரைக்காரனுடைய காலையும் பறிகொடுத்தோம்.

கலியமூர்த்தியை உங்களுக்குத் தெரியும். கொட்டகை வாசலில் கம்பு ஊன்றி நடப்பவன். அவன் என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவன். அவன் ஓட்டியது ராணி என்ற வெள்ளைக் குதிரை. எனக்குக் கொடுத்திருந்தது ஒரு செம்பழுப்புக் குதிரை. மாப்பிள்ளைக்கு எப்போதும் வெள்ளைதான் வேண்டும் என்பார்கள். என்னுடையது மாப்பிள்ளையின் மச்சானோ தம்பியோ ஏறிக்கொள்ள.

அந்தத் தை மாதத்தில் குடவாசலில் ஒரு கல்யாணம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பை முடித்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் குதிரைகளைக் கட்டிப் படுத்துவிட்டோம். விடிவதற்கு முன்பே முதலாளி போன் செய்தார்.

"சாயங்காலம் திருவாரூர்ல இன்னொரு அழைப்பு இருக்குய்யா. ஒம்பது மணிக்குள்ள கொட்டாய்க்கு வந்துடுங்க."

"வண்டி அனுப்புறீங்களா மொதலாளி? இங்க பனி கொட்டுது."

"வண்டியில நிக்க வச்சா குதிரைக்குக் கால் வீங்கிடும்யா. நடந்தா அதுக்கும் நல்லது. ஆங், அலங்காரத் துணிய மறக்காம சாக்குல போட்டுக் கட்டிடு. பனி பட்டா ஜரிகை கறுத்துடும்."

குதிரையின் கால் மேல் அவருக்கு இருந்த அக்கறையைக் கவனியுங்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் தார்ரோட்டில் லாடம் தேய நடந்தால் கால் வீங்காதாம். அன்றைக்கு இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. சரிங்க மொதலாளி என்றுதான் சொன்னேன். இப்போது உங்கள் முன்னால் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு வெல்வெட்டு. ஓரமெல்லாம் ஜரிகை, உடம்பெல்லாம் நெருக்கமாகத் தைத்த கண்ணாடி வில்லைகள். ராணியின் முதுகிலிருந்து முழங்கால் வரை தொங்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் தெருக்கோடியில் நிற்பவனுக்குக் கூடக் கண் கூசும். ஐந்நூறு பேர் கூடி நின்று பார்க்கிற தெருவில், வண்டியே வராத தெருவில், அதைக் குதிரை மேல் போடுவோம். கார் வரும், லாரி வரும், பஸ் வரும் என்கிற சாலைக்கு வந்தவுடன் மடித்து, வெள்ளை யூரியா சாக்கில் திணித்து, அதே குதிரையின் முதுகில் சேணத்துக்குப் பின்னால் கட்டிவிடுவோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இத்தனை பேரில் ஒருவனுக்குக் கூட உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மண்டபத்துச் சமையல் மாஸ்டர் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஒரு அரை மணி நேரம் பொறுத்துப் போங்களேன். டிக்காஷன் இறங்கிடுச்சு, சூடா காப்பி தர்றேன். வாசல்ல நிக்கிற வேனே கண்ணுக்குத் தெரியல."

நான் அதற்குள் குதிரை மேல் ஏறிவிட்டேன். ஏறிப் பார்த்தால் எனக்கு எல்லாம் தெரிந்தது. நம் ஊர்ப் பனியைப் பற்றித் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஈர வயல் மேல் அது தாழப் படுத்துக்கொள்ளும். தரையில் நிற்பவனைத் தலையோடு மூடிவிடும். குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கு இடுப்பளவுதான். தென்னை மரங்களும் செல்போன் கோபுரமும் வெளுத்து வரும் கிழக்கும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"மேலேர்ந்து பார்த்தா எல்லாம் பளிச்சுன்னு இருக்கு மாஸ்டர். காப்பி வேண்டாம், வர்றோம்" என்றேன்.

கலியமூர்த்தி இழுத்தான். "குடிச்சிட்டே போலாமேண்ணே. அவரு சொல்றதும் சரிதான்."

"வழியில குடிச்சுக்கலாம், வா."

நமக்குத் தெரிகிறது, அதனால் நாமும் மற்றவர்களுக்குத் தெரிகிறோம் என்று நினைத்தேன். குதிரை மேல் உட்காருகிறவனுக்கு மட்டும் வரும் திமிர் இது. காரோட்டி உட்காரும் உயரம் குதிரையின் வயிற்றளவு கூட வராது. அவன் பனிக்குள்ளேயே உட்கார்ந்து வருகிறான். நாம் அவன் தலைக்கு மேல் சூரியோதயம் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

மண்டபத்தை விட்டு ரோட்டுக்கு வந்தவுடன் இன்னொரு காரியம் செய்தேன். "கலியா, நீ பின்னால வா. ராணி வெள்ளை, பளிச்சுன்னு தெரியும். பின்னாலேர்ந்து வர்றவன் பார்த்து ஒதுங்கிக்குவான்" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் பின்னால் போனான். நான் மூத்தவன், நான் சொன்னால் கேட்பான்.

அது அறுவடை நேரம். நம் பக்கத்து ரோட்டில் பாதி, அந்த மாதங்களில், நெல்லுக்குத்தான். காயப்போட்ட நெல்லை இரவில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள். விவசாயியைத் திட்டுவது சுலபம். ஊருக்கு ஒரு களம் கட்டிக்கொடுக்காமல், ஈர நெல்லை வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினால் அவன் எங்கேதான் கொண்டு போய்க் கொட்டுவான்? திட்ட வேண்டியவர்கள் ஏசி ரூமில் இருக்கிறார்கள். எங்களுக்கோ, அந்தக் குவியல் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு வந்து போக வேண்டியிருந்தது.

நாலைந்து குவியல் தாண்டியிருப்போம். நான் ஒன்றைச் சுற்றிவந்து மறுபடியும் இடது ஓரம் சேர்ந்தேன். ராணி அப்போதுதான் சுற்றுவதற்கு நடுவில் வந்திருக்க வேண்டும். பின்னால் ஹாரன் கூடக் கேட்கவில்லை. டயர் தேயும் ஓசை ஒன்று, அதற்கு மேல் ஒரு சத்தம். அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

இறங்கி ஓடினேன். இறங்கியவுடன் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பனிக்குள் முதல் தடவை நின்றேன். என் கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. ராணியின் முனகலைக் கேட்டுக்கொண்டுதான் இடத்தைக் கண்டுபிடித்தேன். வாய்க்கால் கரையில் பின்பக்கம் நொறுங்கிக் கிடந்தாள். கலியமூர்த்தி நெல் குவியலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தான். வலது கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது.

காரிலிருந்து இறங்கியவர் ஒரு நடுத்தர வயதுக்காரர். அவர் சட்டையைப் பிடித்தேன். "கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு? இம்மாம் பெரிய வெள்ளைக் குதிர தெரியலயா?"

"வெள்ளைங்க!" என்று அவர் அழுகிற குரலில் கத்தினார். "அதுவும் வெள்ள, பனியும் வெள்ள. எனக்கு எப்படிங்க தெரியும்? முன்னால போன உங்க குதிரதாங்க ஏதோ நிழலாட்டம் தெரிஞ்சுது. அதப் பார்த்துத்தான் பிரேக்கயே போட்டேன்."

என் கை தானாகச் சட்டையை விட்டுவிட்டது. அவர் வேகமாக வந்தார். அந்தப் பனியில் அந்த வேகம் அயோக்கியத்தனம். அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. மறைந்துபோகிற குதிரையைப் பின்னாலும் தெரிகிற குதிரையை முன்னாலும் விட்டு வந்தவன் நான்.

அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. குடவாசல் பக்கத்திலிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டது. ரோட்டின் நடுவில் கார், காருக்குப் பக்கத்தில் நாங்கள், ஓரத்தில் அசைக்க முடியாமல் கலியமூர்த்தி. கையை ஆட்டினேன், கத்தினேன். எந்த டிரைவருக்குக் கேட்கும்? கலியமூர்த்தி மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, படுத்தேன். பஸ் கொஞ்ச தூரத்திலேயே நின்றது. வெளிச்சம் போட்டபடி மெல்ல ஊர்ந்து வந்தது. டிரைவர் குதித்து ஓடிவந்தார்.

"என்னய்யா அது? செவசெவன்னு, நெருப்பாட்டம் மின்னுது?"

திரும்பிப் பார்த்தேன். மோதிய வேகத்தில் யூரியா சாக்கு கிழிந்து, உள்ளே இருந்த வெல்வெட்டுத் துணி நெல் குவியலின் மேல் விரிந்து விழுந்திருந்தது. பஸ்ஸின் ஹெட்லைட் பட்டு அத்தனை கண்ணாடி வில்லைகளும் எரிந்துகொண்டிருந்தன. "அது மட்டும் இல்லன்னா உங்க எல்லார் மேலயும் ஏத்தியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்த டிரைவர் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்தில் எனக்கு உருப்படியாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். உயிரைக் காப்பாற்றுகிற பொருள் காலையிலிருந்து ராணியின் முதுகிலேயே இருந்தது. நாங்கள்தான் அதை மூட்டை கட்டி வைத்திருந்தோம். அவள் விழுந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

கலியமூர்த்தியை அந்த பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் ராணியிடம் இருந்தேன். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசிப் பெட்டியைத் திறக்கும் முன் என்னைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். நான் போகவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அடங்கியபோது வெயில் வந்துவிட்டது. பனி ஒரு சொட்டு இல்லை. ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் நேராக, துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது. மாஸ்டர் கேட்டது அரை மணி நேரம். ஒரு தம்ளர் காப்பி. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. கூடி நின்றவர்கள் அதையும் போனில் பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி வந்தார். வண்டியிலிருந்து இறங்கி, ராணியைப் பார்த்து, நெல் குவியலைப் பார்த்து, "துணிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். அதிர்ச்சியில் வாய் குளறியிருக்கலாம். நல்ல மனிதர்தான் என்று பலரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தவனிடம் போலீஸ்காரர் விசாரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்பா, முன்னாடி ஒரு குதிரை போவுது. நீ ஏன் பின்தங்கி வந்த?"

"நானாத்தாங்க பின்னால வந்தேன்" என்றான் கலியமூர்த்தி. "தூக்கக் கலக்கம்."

நான் வாயைத் திறக்கவில்லை. மயக்க மருந்தில் அவனுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் தாளில் என்ன எழுதினார்கள் தெரியுமா? பனிமூட்டம். முதலாளிக்கும் வசதி, காரோட்டிக்கும் வசதி. எல்லாரையும்விட எனக்குத்தான் அது ரொம்ப வசதி.

அடுத்த மார்கழி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம், ஆனாலும் நடைப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கக் குதிரையை விடியற்காலையில் நடத்திக் கொண்டுவர வேண்டும். முதலாளி ராணிக்குப் பதில் இன்னொரு வெள்ளைக் குதிரை வாங்கியிருந்தார். என்னை அதற்குப் போட்டார். நான் பரணில் இருந்த வெல்வெட்டுத் துணியை எடுத்து அதன் மேல் போட்டேன். அவர் குதித்தார்.

"என்னய்யா விளையாடுறியா? கோயில் யானையா இது, தெனமும் ஜோடிச்சுக் கூட்டிட்டுப் போக?"

"துணி இல்லாம குதிர ரோட்டுக்குப் போகாது மொதலாளி. ஜரிகை கறுத்தா கறுக்கட்டும். வேற ஆள வச்சு ஓட்டிக்கிறதுன்னா ஓட்டிக்குங்க."

கம்பு ஊன்றி நின்ற கலியமூர்த்தி அவர் எதிரே வந்து நின்றான். முதலாளி அவன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு பழைய துணிகளைக் கிழித்துக் கண்ணாடி வைத்த பட்டைகள் செய்தது கலியமூர்த்தி. குதிரையின் நாலு காலிலும் ரேடியம் பட்டை கட்டச் சொன்னதும் அவன்தான்; அசைகிற கால்தான் முதலில் கண்ணில் படும் என்பான். உங்களில் சிலர், போன் பிடிக்கும்போது அழகாக இருக்காது என்று அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறீர்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேறு போகிறீர்கள். என் கையில் மாட்டினால் சேணத்திலிருந்து இழுத்து இறக்குவேன், முழங்கால் போனாலும் கை இன்னும் போகவில்லை.

முதல் தடவை எல்லாம் கட்டி முடித்த அன்று நல்ல பனி. கலியமூர்த்தி கொட்டகை வாசலில் ஒரு குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்தான். கார் சீட்டின் உயரம். "நூறடி போய்ட்டு வாங்கண்ணே. இங்கேர்ந்து தெரியுதான்னு பார்க்குறேன்" என்றான். போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஏனென்று தெரியவில்லை, அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"கலியா, அன்னைக்கு உன்னப் பின்னால வரச் சொன்னது நான்தான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இத அங்க மேல உக்காந்துகிட்டா சொல்லுவீங்க? எறங்கி வாங்க."

இறங்கினேன். பனிக்குள் அவன் எதிரே நின்று மறுபடியும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றான். "மறந்துட்டேன்னா நெனச்சீங்க? போலீஸ்கிட்ட உங்க பேரச் சொல்லியிருந்தா மொதலாளி எல்லாத்தயும் உங்க தலையில கட்டி வெளிய அனுப்பிட்டு, துணிய மறுபடியும் சாக்குலதான் போட்டிருப்பாரு. யாரு அவர எதுத்துக் கேட்டிருப்பா? அதான் சொல்லல. ஆனா அன்னைக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க பாருங்க. நீங்களா வந்து சொல்ல ஒரு வருஷம் ஆச்சு. கால் போனதுக்கு உங்க மேல கோவம் இல்லண்ணே. அந்த ஒரு வருஷத்துக்கு மன்னிக்க மாட்டேன்."

பிறகு முக்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டான். "குதிர நல்லாத் தெரியுது. ஆனாலும் வெயில் வரட்டும், அப்புறம் போங்க. உள்ள காப்பி இருக்கு."

பனி உள்ள நாட்களில் அந்த முக்காலியில் அவன் இன்றும் உட்காருகிறான். குதிரை தெரியவில்லை என்று அவன் சொன்னால் வாதம் செய்யாமல் இறங்குங்கள். என்னை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை. முதலாளி மேல், காரோட்டி மேல், தாளில் பனி என்று எழுதியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கலியமூர்த்தி மேல் மட்டும் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.